கோமுகிக் கரையில் மூன்று நாள்

விடுமுறை வந்தால் எங்கே போகலாம் என்ற கேள்வி நம் வீடுகளில் எழும்போது, பதில் பெரும்பாலும் முன்கூட்டியே தயாராயிருக்கிறது. உதகமண்டலம், இல்லாவிட்டால் கோடைக்கானல், பணப்பை அவ்வளவு கனமில்லாதவர்களுக்கு ஏற்காடு. இந்த மூன்று பெயர்களையும் நமக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் யார் என்று யோசித்தால் சிறிது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. வெயில் தாங்காத வெள்ளைக்காரத் துரைமார்கள், தங்கள் ஊர்க் குளிர் எந்த மலையில் கிடைக்கும் என்று தேடிப் பார்த்துப் பங்களாக்கள் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய் எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் அவர்கள் அழகென்று சொன்னதே நமக்கு அழகு. அவர்கள் ஏறெடுத்துப் பாராத இடத்தை நாமும் பாராமலே இருந்து வருகிறோம்.

அப்படிப் பாராமல் விட்ட மலைகளில் ஒன்று கல்வராயன் மலை. ஏற்காட்டுக்குக் கிழக்கே, அதிக தூரமில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இதன் பரப்பு சுமார் 1,095 சதுர கிலோமீட்டர். கள்ளக்குறிச்சி, சேலம் முதலிய ஜில்லாக்கள் இதைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. வடபகுதிக்குச் சின்னக் கல்வராயன் என்று பெயர். சராசரி உயரம் 2,700 அடி. தென்பகுதி பெரிய கல்வராயன்; அது 4,000 அடி அளவில் நிற்கிறது. ஏழாயிரம் அடிக்கு மேலிருக்கும் உதகையோடு ஒப்பிட்டால் இது குட்டி மலைதான். கம்பளிச் சட்டைக்கு இங்கே அதிக வேலையில்லை. மார்கழி இரவுக்கு ஒரு நல்ல போர்வை போதும். ஆனால் நதி பிறக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு, இதைவிடச் சௌகரியமான மலை நம் பக்கத்தில் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

சென்ற அரைவருஷப் பரீட்சை விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் இம்மலைக்குப் பிரயாணப்பட்டோம். என் மனைவி, எட்டாவது வகுப்பில் படிக்கும் மகள், அவளுக்கு இளையவனான மகன், என்னோடு வேலை பார்க்கும் சரித்திர ஆசிரியர் ஆகியோர் கோஷ்டியின் அங்கத்தினர்கள். மலைக்குப் போகிறவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல் நேரே உச்சிக்குப் போய் இறங்குவதில்லை என்று முதலிலேயே தீர்மானித்துக்கொண்டோம். கோமுகி ஆற்றைக் கீழேயிருந்து பிடித்து, வயல், அணை, காடு, அருவி என்று ஒவ்வொரு படியாக மேலே போவது எங்கள் திட்டம். இதற்கு மூன்று நாள் ஒதுக்கினோம்.

முதல் நாள்: அணைக்கரை

ரயிலில் வருகிறவர்கள் சேலம் - விருத்தாசலம் பாதையில் சின்னசேலத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் கள்ளக்குறிச்சி சேரலாம். பழைய தென்னார்க்காடு ஜில்லாவில் ஒரு தாலுகாவாக இருந்த ஊர் இது. 1993-ல் விழுப்புரம் ஜில்லாவோடு போயிற்று. 2019 நவம்பர் 26-ந் தேதி தானே ஒரு ஜில்லாவுக்குத் தலைநகராயிற்று. இவ்வட்டாரத்து மரச் சிற்பிகளின் வேலைப்பாட்டுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒரு பட்டறையில் சிறிது நேரம் நின்று பார்த்தோம். உளியின் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தெய்வத்தின் மூக்கும் முழியும் மரத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தன.

அங்கிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையின் இரு பக்கமும் நெல்லும் கரும்பும்தான். கரும்புக்குக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் அந்த ஊரிலேயே இருக்கிறது. ஊரைக் கடந்தவுடன் கோமுகி அணை. 1965-ல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணையில் 46 அடி வரையில் நீர் தேக்கலாம். நிரம்பினால் சுமார் 560 மில்லியன் கன அடி கொள்ளும். மேட்டூர் அணையின் கொள்ளளவில் இது நூற்றறுபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் இந்தச் சிறிய அணையை நம்பி 10,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இருக்கிறது.

நாங்கள் போன சமயம் அணை ஏறக்குறைய நிரம்பியிருந்தது. பின்னால் மலை, மலையின் நிழல் தண்ணீரில். கரையில் நின்ற பொதுப்பணி இலாகா ஊழியர் ஒருவர், மலைப்பக்கம் கையைக் காட்டி, "கல்படை ஆறு, பொட்டியம் ஆறு, எல்லாம் அங்கேயிருந்துதாங்க வருது. மேலே ஒரு ராத்திரி நல்லா மழை அடிச்சா, விடியறதுக்குள்ளே இங்கே மட்டம் ஏறிடும்" என்றார். அணையைத் தாண்டிய கோமுகியும், இதே மலையில் பிறந்து விருத்தாசலத்துப் பழமலைநாதரைத் தரிசித்துவிட்டுப் போகும் மணிமுக்தா நதியும், கடைசியில் வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டைக்கு அருகே கடலில் கலக்கின்றன. கல்வராயன் மலையில் பெய்யும் மழை ஒரு ஜில்லாவின் சொத்து மட்டுமல்ல. கடற்கரை வரையில் அதற்குப் பங்காளிகள் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் பூகோள பாடமாக நான் விளக்கிக்கொண்டிருந்தபோது என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, மலைமேலே இருக்கிறவங்களுக்கு இந்த அணைத் தண்ணீர் கிடைக்குமா?"

"எப்படி அம்மா கிடைக்கும்? தண்ணீர் கீழேதானே ஓடும்? அவர்களுடைய நிலம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி" என்றேன்.

"அப்போ அவங்களுக்கு நாம என்ன கொடுக்கிறோம்?"

சரித்திர ஆசிரியர் என் முகத்தைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். "நாளைக்குப் போய்ப் பார்க்கலாம்" என்று சொல்லி வைத்தேன்.

இரண்டாம் நாள்: மலைப் பாதை

மலைப் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு இது ஒரு தாவர சாஸ்திர வகுப்பு. அடிவாரத்தில், சுமார் 400 மீட்டர் உயரம் வரையில், முட்புதரும் குத்துச்செடியும். அதற்கு மேலே 800 மீட்டர் வரையில் இலையுதிர் காடு. இன்னும் மேலே மேட்டு நிலங்களில் புல்வெளியும், மடிப்புகளில் சோலைக் காடும். அடிவாரத்தில் மண்டையைப் பிளந்த வெயில், கரியாலூர் வந்ததும் காணாமற் போயிற்று. அங்கே ஒரு பூங்கா; வனத்துறையினரின் கட்டடங்கள். பூங்காவில் குழந்தைகள் ஊஞ்சலாடிய அரை மணி நேரத்தில், சரித்திர ஆசிரியர் தமது தலைச்சுற்றலுக்கு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டார்.

சாலையோரத்திலேயே இருக்கிறது பெரியார் அருவி. மலையேறும் சிரமம் ஒன்றுமில்லாமல், பஸ்ஸை விட்டு இறங்கியவுடன் குளிக்கலாம். பாறைப் படிகளில் இறங்கி வரும் தண்ணீர் பார்ப்பதற்கு வெகு ரம்மியம். ஆனால் எளிதாகக் கிடைப்பதற்கு நாம் கொடுக்கும் மரியாதையையும் அங்கேயே பார்த்தோம். பாறை இடுக்கெல்லாம் பிளாஸ்டிக் பைகள். தண்ணீருக்குள் உடைந்த கண்ணாடிச் சீசாக்கள். குளிக்க இறங்கிய என் மகனுடைய காலடியில் ஒரு சீசாத் துண்டு கிடந்தது. நல்ல வேளையாக என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள். இவற்றைக் கொண்டு வந்து போட்டவர்கள் மலைவாசிகள் அல்ல. காரிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்த நம்மவர்கள்தான்.

கரியாலூருக்கு அப்பால் வெள்ளிமலை. கல்வராயன் மலைத் தாலுகாவின் தலைமை இடம் இதுவே. கடைத்தெரு, ஆபீசுகள், பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. மலைப் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் ஆசிரிய நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கினோம். அன்று மாலை அவர் எங்களைப் பக்கத்துக் கிராமத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பெரியவர், திண்ணையில் சாமை புடைத்துக்கொண்டிருந்த தம் மனைவிக்குத் துணையாக உட்கார்ந்திருந்தார்.

"வாங்க வாத்தியாரே, குந்துங்க" என்று பாயைப் போட்டார்.

"கவுண்டரே, உங்கள் முன்னோர்கள் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள்?" என்று சரித்திர ஆசிரியர் ஆரம்பித்தார்.

"காஞ்சிபுரமுங்க" என்றார் பெரியவர், நேற்றுத்தான் அங்கிருந்து வந்தவரைப் போல. "அண்ணன் தம்பி மூணு பேரு. எங்க சாமி கரியராமன் காஞ்சியை விட்டுப் புறப்பட்டாரு. அவரு பின்னாலேயே இவங்களும் கிளம்பினாங்க. பெரியண்ணன் இந்த மலைக்கு வந்தாரு. மத்த ரெண்டு பேரும் வேற மலைங்களுக்குப் போயிட்டாங்க."

பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற இந்த மூவரின் கதையைப் பச்சைமலை, சேர்வராயன் மலை, கொல்லிமலை ஆகிய இடங்களிலும் சிற்சில மாறுதல்களோடு சொல்லுகிறார்கள். இவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். மலையாள பாஷைக்கும் இவர்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. மலையில் வாழும் ஆட்கள், அவ்வளவுதான். பேசுவது தமிழ். சர்க்கார் கணக்கில் பழங்குடியினர். இவர்களுக்கும் முந்திய காலத்து மனிதர்களின் அடையாளங்கள்கூட இம்மலையில் இருக்கின்றன. கற்காலத்தார் வழவழப்பாகத் தீட்டிய கல் கோடரிகளைச் சில ஊர்க் கோவில்களில் வைத்துப் பூஜை செய்கிறார்கள்.

அன்று இரவு, சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் சாப்பிட்ட பிறகு, சரித்திர ஆசிரியருக்குத் தெம்பு வந்துவிட்டது. அவர் சொன்ன வரலாறு கேட்கத் தக்கது. இம்மலையைச் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று குடும்பத்தார் பரம்பரையாக ஜாகீர்தார்களாயிருந்து நிர்வகித்து வந்தார்கள். கிருஷ்ணதேவராயர் காலத்தில் கிடைத்த உரிமை என்பது ஐதிகம். வரி அவர்களுக்கு, வழக்குத் தீர்ப்பும் அவர்களுடையது. சென்னை மாகாணத்தில் ஜமீன்களை ஒழிக்கும் சட்டம் 1948-லேயே வந்தது. 1950-ல் தேசத்துக்கு அரசியல் சட்டம் வந்தது. ஆனால் கல்வராயன் மலை ஜாகீர் முடிவுற்றுச் சர்க்காரின் நேரான நிர்வாகத்துக்குள் வந்தது 1976-ல்தான்.

"தேசம் 1947-ல் விடுதலை பெற்றது என்று நாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். இந்த மலைக்கு அந்தச் செய்தி வந்து சேர இருபத்தொன்பது வருஷம் ஆயிற்று" என்றார் அவர். அணைக்கட்டிலிருந்து இந்த ஊருக்குப் பஸ்ஸில் நாங்கள் வந்த நேரத்தை எண்ணிப் பார்த்தேன். ஒரு காலை வேளைகூட ஆகவில்லை.

மூன்றாம் நாள்: மேகம் அருவி

கல்வராயன் மலையில் மேகம், கவியம் என்று இன்னும் பல அருவிகள் உண்டு. அவற்றில் மேகம் அருவியைக் காண வேண்டுமானால் காட்டு வழியில் நடந்தே தீர வேண்டும். வனத்துறையினரிடம் கேட்டுக்கொண்டு, அவ்வூர் இளைஞர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு விடியற்காலையில் புறப்பட்டோம். இந்தத் துணை இல்லாமல் யாரும் போகக் கூடாது. ஒற்றையடிப் பாதை பத்து இடத்தில் பிரிகிறது. எது அருவிக்கு, எது மாடு மேய்க்கப் போவது என்று நமக்குத் தெரியாது.

வழியெல்லாம் எங்கள் வழிகாட்டி ஒரு நடமாடும் புத்தகமாக இருந்தார். "இது கடுக்காய் மரம், ஐயா. பொறுக்கிக் கொண்டு போய்க் கீழே போட்டால் தோல் பதனிடுகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள்" என்றார். புளி, தேன், நெல்லி ஒவ்வொன்றுக்கும் பருவம் சொன்னார். சரிவுகளில் மரவள்ளி பயிராகியிருந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் மலாயாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோகவே, சேலத்தில் அத்தொழில் தலையெடுத்தது. அந்த ஆலைகளின் பசி இந்த மலை வரையில் ஏறி வந்துவிட்டது. பாட்டன்மார் சாமையும் தினையும் விதைத்த சரிவில் இப்போது கிழங்கு விளைகிறது. சாமையை வீட்டில் வைத்துச் சாப்பிடலாம். கிழங்கைக் கீழே கொண்டுபோய் விற்றுத்தான் ஆக வேண்டும். விலை சொல்லுகிறவர் கீழே இருக்கிறார்.

"நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள், தம்பி?" என்று என் மனைவி கேட்டாள்.

"வருஷத்தில் நாலு மாதம் இங்கே, அம்மா. மற்ற மாதம் கேரளாவில் மிளகுத் தோட்டம், இல்லாவிட்டால் கர்நாடகாவில் காப்பித் தோட்டம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் சில பேர் கூடவே அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்."

உபாத்தியாயத் தொழில் பார்க்கிறவனுக்கு இந்தக் கடைசி வாக்கியம் முள்ளாகத் தைத்தது. வருகைப் பதிவேட்டில் நாம் "வரவில்லை" என்று குறிக்கிறோம். அந்தப் பிள்ளை எங்கே போயிற்று என்பதற்கு அதில் பத்தி கிடையாது.

திடீரென்று காடு திறந்தது. எதிரே மேகம் அருவி. கரும்பாறைச் சுவரின்மேலிருந்து வெள்ளைத் துகிலைத் தொங்கவிட்டாற்போல நீர் விழுந்துகொண்டிருந்தது. அடியில் திவலைகள் புகையாக எழும்பி, எதிர்மரங்களின் இலைகளை நனைத்தன. பெயர் வைத்தவர் நல்ல ரசிகராகத்தான் இருந்திருக்க வேண்டும். பேசிக்கொண்டே வந்த சரித்திர ஆசிரியர்கூடக் கால் மணி நேரம் வாய் திறக்கவில்லை. ஓரமாக ஆழமில்லாத இடத்தில் குளித்தோம். மடுவின் நடுவே போக வேண்டாமென்று வழிகாட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மேலே மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும் என்பது அவர் எச்சரிக்கை. அணைக்கட்டு ஊழியர் சொன்னதும் இதுவேதான். அந்த விஷயம் அணைக்காரருக்கு மகிழ்ச்சி, அருவிக்காரருக்கு ஆபத்து.

மலைக்கு வந்த கெட்ட பெயர்

இம்மலையைப் பற்றி எழுதுகிறவர் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நழுவ முடியாது. 2024 ஜூன் 19-ந் தேதி கள்ளக்குறிச்சி நகரில் கருணாபுரம் பகுதியில் விஷச் சாராயம் குடித்து மக்கள் மடியத் தொடங்கினார்கள். மொத்தம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. உடனே எல்லோருடைய கண்ணும் மலையை நோக்கித் திரும்பிற்று. போலீசார் மலையேறி ஊறல்களை அழித்தார்கள். கள்ளச் சாராயம் இம்மலையில் காய்ச்சப்பட்டு வந்தது உண்மை. அதை மறைப்பதில் லாபமில்லை. ஆனால் அன்று உயிர்களைக் குடித்த மெதனால், காட்டில் விளைகிற பொருளல்ல. ஆலைகளில் உபயோகிக்கும் திரவம். விற்றவனும் வாங்கியவனும் சமவெளிக்காரர்கள். கெட்ட பெயரில் பெரும் பங்கு மலைக்குப் போயிற்று.

1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்த இடம், இம்மலையின் ஒரு பகுதியைக் கொண்ட சேலம் ஜில்லா. அப்போதே பெரியோர்கள் சொன்ன ஒரு விஷயம் இன்றைக்கும் பொருந்தும். சட்டி பானைகளை உடைத்தால் மட்டும் போதாது; அதை நம்பியிருந்த கைகளுக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். கருணாபுரத்து மரணங்களுக்குப் பிறகு, 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி ஆகியவை சரிவர இருக்கின்றனவா என்ற கேள்விகள் அப்போதுதான் உரக்கக் கேட்கப்பட்டன. காட்டில் தலைமுறையாய்ப் பயிரிடுகிறவர்களுக்கு நில உரிமை தரும் சட்டம் 2006-லேயே வந்துவிட்டது. சட்டம் இயற்றுவது ஒரு வேலை; அதை மலைக் கிராமத்தின் கடைசி வீடு வரையில் கொண்டு சேர்ப்பது மற்றொரு வேலை.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

மார்கழியும் தையும் இப்பிரயாணத்துக்கு ஏற்ற காலம். மழை ஓய்ந்திருக்கும், அருவியில் நீர் இருக்கும். சித்திரை வைகாசியில் அருவிகள் மெலிந்துவிடும். கனமழைக் காலத்தில் அருவிப் பக்கம் போகவே கூடாது. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் பஸ் உண்டு. ஆனால் திரும்பும் பஸ்ஸின் நேரத்தை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிடத்தை நிச்சயம் செய்துகொண்டு போவது உத்தமம். மருந்துப் பெட்டி ஒன்று அவசியம். கொண்டுபோன பிளாஸ்டிக்கையும் சீசாவையும் திரும்பக் கொண்டுவர ஒரு தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிக்குப் பேரம் பேசாமல் ஒரு நாள் கூலியை முழுதாகக் கொடுங்கள். தேன், சாமை, கடுக்காய் வேண்டுமானால் அங்கேயே, விளைவித்தவர் கையிலிருந்து வாங்குங்கள். ஊருக்கு வந்து கடையில் வாங்கும்போது நீங்கள் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு மலையேறிப் போகும் என்பது சந்தேகம்.

என் மகளின் கேள்விக்கு மூன்றாம் நாள் மாலையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மலையிலிருந்து இறங்கி வருவன: அணையை நிரப்பும் தண்ணீர், புளி, தேன், கடுக்காய், கிழங்கு, தோட்ட வேலைக்குப் போகும் இளைஞர்கள். நம்மிடமிருந்து ஏறிப் போவன: சில பஸ்கள், சில ஆசிரியர்கள், காலம் தாழ்ந்து போன சட்டங்கள், ஏராளமான சீசாக்கள். வரவும் செலவும் ஒத்து வரவில்லை. கோமுகியின் நீரில் விளைந்த அரிசியும் சர்க்கரையும் நம்மில் எத்தனையோ பேருடைய பொங்கல் பானைக்குள் வந்து சேருகின்றன. கடன்காரர்கள் என்ற நினைவோடு அந்த மலைக்கு ஒருமுறை போய் வாருங்கள். அருவி அழகாகவே இருக்கும். அதன் கரையில் வாழ்கிறவர்களும் கண்ணுக்குத் தெரிவார்கள்.